அது ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லைங்க!

முதல்ல இதைச் சொல்லிடுறேன். இல்லன்னா எனக்கு மனசு ஆறாது.

ஸ்கூபா டைவிங் போறவங்க முதுகுல மாட்டிக்கிறது ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லை. காத்து. நீங்களும் நானும் இப்ப இழுத்துட்டு இருக்கோமே, அதே காத்து. தூசி, எண்ணெய், ஈரம் எல்லாத்தையும் வடிகட்டிட்டு, 200 பார் அழுத்தத்துக்கு அமுக்கி அடைச்சு வச்சிருப்பாங்க.

ஏன் இவ்ளோ சூடா ஆரம்பிக்கிறேன்னா, போன வாரம் எங்க கேண்டீன்ல நடந்த பேச்சு. (நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல மெயின்டனன்ஸ் பக்கம் இருக்கேன். பழைய வாசகர்களுக்குத் தெரியும்.) கல்யாணம் ஆகி அந்தமான் போயிட்டு வந்த ஒரு தம்பி, தண்ணிக்கு அடியில எடுத்த வீடியோவ காட்டிட்டு இருந்தான். மீன் கூட்டம், பவளம், கையில வெற்றிச் சின்னம். டேபிளைச் சுத்தி ஒரே கூட்டம்.

"எவ்ளோ நேரம்டா ஆக்ஸிஜன் வரும்?"

"ஆக்ஸிஜன் தீர்ந்துட்டா என்னடா பண்ணுவ?"

அவனும் ஆக்ஸிஜன்னே பதில் சொல்லிட்டு இருக்கான்! அவன் போன கதையே சரியா அவனுக்குத் தெரியலை. டிவி செய்தியிலயும் இப்படித்தான், பேப்பர்லயும் இப்படித்தான்.

இதுல எனக்கு ஆதங்கம் என்னன்னா, ஆக்ஸிஜன்னா என்னன்னு நம்ம ஏரியாக்காரங்களை விட நல்லா தெரிஞ்சவங்க யாரு? இங்க ரோலிங் மில், ஃபவுண்டரி, ஃபேப்ரிகேஷன் ஷெட் இல்லாத தெரு இருக்கா? கேஸ் கட்டிங் பண்ற பையனைக் கேளுங்க. கறுப்பு சிலிண்டர் ஆக்ஸிஜன், அதோட வால்வுல கிரீஸ் கையை வைக்கக்கூடாது, வச்சா தீப்பிடிக்கும்னு பட்டுனு சொல்வான். ஆக்ஸிஜனுக்கு நாம அவ்ளோ மரியாதை குடுக்கிறோம். அதை அப்படியே இழுத்துட்டு கடலுக்குள்ள போனா என்ன ஆகும்னு மட்டும் யோசிக்கிறதில்லை.

என்ன ஆகும்னா, வலிப்பு வரும்.

கடல்ல ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு பார் ஏறும். மேல ஒரு பார், 10 மீட்டர்ல ரெண்டு, 20 மீட்டர்ல மூணு. சுத்தமான ஆக்ஸிஜனை 6 மீட்டர் ஆழத்துல இழுத்தாலே அதோட அழுத்தம் 1.6 பார். அழுத்தம் அதுக்கு மேல போனா நரம்பு மண்டலத்துக்கு ஆக்ஸிஜன் விஷம். தரையில வலிப்பு வந்தா யாராவது பிடிச்சுக்குவாங்க. தண்ணிக்குள்ள வந்தா வாயில இருக்கிறது நழுவிடும். அதனாலதான் சாதா காத்து. அதுல 21 சதவீதம்தான் ஆக்ஸிஜன், மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். (ஆக்ஸிஜன் அளவைக் கொஞ்சம் கூட்டின 'நைட்ராக்ஸ்'னு ஒண்ணும் இருக்கு. அதுக்குத் தனிப் பயிற்சி வேணும். இப்போதைக்கு விடுங்க.)

இதை நான் கேண்டீன்ல சொன்னதும் ஃபயர் டீம்ல இருக்கிற தம்பி ஒருத்தன் திரும்பினான். "அண்ணா, அப்ப அது நம்ம பி.ஏ. செட் மாதிரிதானா?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அதேதான் தம்பி! அதேதான்!

இந்தப் பதிவே அந்த ஒரு கேள்விக்காகத்தான். ஸ்கூபான்னா ஏதோ பணக்காரங்க விஷயம், வெள்ளைக்காரங்க விஷயம், மீன் மாதிரி நீந்தத் தெரிஞ்சவங்க விஷயம்னு ஒரு நெனப்பு இங்க இருக்கு. நான் சொல்றேன், சிப்காட்ல வேலை பார்க்கிறவன் அந்த விஷயத்துல பாதி தூரம் ஏற்கனவே வந்துட்டான்.

எப்படின்னு பாருங்க.

புகையில, விஷவாயுல உள்ள போறதுக்கு ஃபயர் டீம் மாட்டுற பி.ஏ. செட்டுல (பிரீதிங் அப்பாரட்டஸ், மூச்சுக் கருவி) இருக்கிறதும் அமுக்கின காத்துதான். உள்ள போறதுக்கு முன்னாடி கேஜைப் பார்க்கணும். மாஸ்க் முகத்துல ஒட்டுதான்னு பார்க்கணும். காத்து குறைஞ்சு 50, 55 பார் பக்கம் வந்தா விசில் அடிக்கும், அடிச்சா வெளிய வந்துடணும். தனியா போகக்கூடாது. ஸ்கூபாலயும் இதே சட்டம். கேஜை அடிக்கடி பார்க்கணும், 50 பார் கையிருப்போட மேல வந்திருக்கணும், ஜோடி இல்லாம இறங்கவே கூடாது. (ஆனா பி.ஏ. செட்டை மாட்டிட்டு கடல்ல குதிச்சுடாதீங்க. அது தண்ணிக்காகச் செஞ்சது இல்லை.)

டேங்க் கிளீனிங் போறப்ப பர்மிட் போடுறோம். மேன்ஹோலுக்கு வெளிய ஒருத்தன் நின்னு உள்ள இருக்கிறவனையே கவனிக்கிறான். டைவிங்ல அந்த ஆள் உங்க பக்கத்துலயே நீந்தி வருவான், அவ்ளோதான் வித்தியாசம். இறங்குறதுக்கு முன்னாடி ஒருத்தர் செட்டை இன்னொருத்தர் தொட்டுத் தொட்டுப் பார்க்கணும். பெல்ட் மாட்டியிருக்கா, வால்வு முழுசா தெறந்திருக்கா, காத்து வருதா. நம்ம ஆளுங்களுக்கு இது தினசரி வேலை.

இன்னொரு விஷயம். இந்தக் கருவியே ஒரு கேஸ் கம்பெனி இன்ஜினியர் மூளையில இருந்து வந்ததுதான்.

ரெண்டாம் உலகப் போர் நேரம். பிரான்ஸை ஜெர்மன்காரன் பிடிச்சு வச்சிருக்கான். பெட்ரோல் கிடைக்கலை. கார் எல்லாம் கேஸ்ல ஓட ஆரம்பிச்சுது. ஏர் லிக்விட் கம்பெனியில எமில் கக்நான்னு ஒரு இன்ஜினியர், இன்ஜின் எவ்ளோ இழுக்குதோ அவ்ளோ கேஸை மட்டும் விடுற மாதிரி ஒரு சின்ன வால்வு செஞ்சிருந்தார். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவர்கிட்ட வந்து, தண்ணிக்குள்ள மூச்சு விட இந்த மாதிரி ஒண்ணு வேணும்னு கேட்டார். இன்ஜினுக்குப் பதிலா நுரையீரல். 1943ல ரெண்டு பேரும் சேர்ந்து அக்வாலங்கை முடிச்சாங்க. இன்னைக்கு நாம வாயில கவ்வுற ரெகுலேட்டர் அதோட வாரிசுதான். சிலிண்டர்ல இருக்கிற 200 பாரை முதல் கட்டத்துல கிட்டத்தட்ட 10 பாருக்குக் குறைக்கும். ரெண்டாவது கட்டத்துல, நீங்க இருக்கிற ஆழத்துல தண்ணி என்ன அழுத்தம் குடுக்குதோ அதே அழுத்தத்துல வாய்க்குக் குடுக்கும். பிரஷர் ரெடியூசிங் வால்வைக் கழட்டி மாட்டின எவனுக்கும் இது ஒரே நிமிஷத்துல புரிஞ்சுடும்.

சரி, மனுஷன் எப்படித்தான் இதுக்குள்ள வர்றான்?

நான் பார்த்த வரைக்கும் பாதிப் பேர் அந்தமான் டூர்லதான். பேக்கேஜ்ல ஒரு வரி இருக்கும், 'ஸ்கூபா உண்டு'ன்னு. ஹேவ்லாக் தீவுல (இப்ப அதுக்கு ஸ்வராஜ் தீவுன்னு பேரு) ஒரு காலை நேரம், கொஞ்ச நேரம் தண்ணிக்குள்ள, போட்டோ, முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம் பேர் பாண்டிச்சேரி வார லீவுல போய் மாட்டிக்கிறாங்க. கொஞ்சம் பேர் காதலுக்காக. கிண்டல் இல்லைங்க. 2021 பிப்ரவரியில நீலாங்கரைக் கடல்ல 60 அடி ஆழத்துல ஒரு ஐ.டி. ஜோடி தாலி கட்டிக்கிட்டாங்களே, ஞாபகம் இருக்கா? மாப்பிள்ளை ஏற்கனவே டைவர். பொண்ணு கல்யாணத்துக்காகவே பயிற்சி எடுத்துட்டு இறங்கினாங்க. புடவையோட! எனக்கு அந்தப் பொண்ணு மேல பெரிய மரியாதை.

எங்க ஊர்ப் பக்கம் இன்னொரு வழியும் இருக்கு, வேலை. காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகம்னு ரெண்டு இருக்கே. கப்பலோட அடிப்பாகத்தைப் பார்க்கிறது, தண்ணிக்கடியில வெல்டிங்னு செய்யுற கமர்ஷியல் டைவர் உலகம் வேற. மேல இருந்து குழாய் வழியா காத்து, தலையில ஹெல்மெட், மேல இருக்கிறவங்களோட பேச வயரு. அதுக்குப் பயிற்சி வேற, சான்றிதழ் வேற, ஆபத்தும் வேற. டூரிஸ்ட் ஸ்கூபா கத்துக்கிட்டு நேரா அந்த வேலைக்குப் போயிடலாம்னு சில பசங்க நினைக்கிறாங்க. முடியாது, போகவும் கூடாது.

அட, மூச்சடக்கி மூழ்குறது நமக்குப் புதுசா என்ன? தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிச்ச பரம்பரை நம்மது. கல்லைக் கால்ல வச்சு சர்ருனு இறங்குவாங்க, மேல ஒருத்தர் கயிறைப் பிடிச்சிருப்பார். அந்தக் கயிறை மச்சான் கையிலதான் குடுப்பாங்கன்னு சொல்வாங்க. தங்கச்சி தாலிக்காகவாவது அவன் ஒழுங்கா இழுப்பான்ல! (ஜோடி இல்லாம இறங்காதேங்கிற சட்டத்தை இதைவிட அழகா எந்தப் புத்தகத்துலயும் நான் பார்க்கலை.) மன்னார் வளைகுடாவுல 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்னுபோச்சு. சங்கு குளிக்கிறவங்க இன்னைக்கும் இருக்காங்க. படகுல கம்ப்ரஸரை வச்சு, அதுல இருந்து வர்ற குழாயை வாயில வச்சுட்டு இறங்குறவங்களும் இருக்காங்க. எவ்ளோ நேரம் அடியில இருக்கலாம், எவ்ளோ மெதுவா ஏறணும்னு அவங்களுக்கு யாரும் உட்கார வச்சுச் சொல்லிக் குடுக்கலை. வேகமா ஏறினா நைட்ரஜன் ரத்தத்துல குமிழா மாறி மூட்டையும் முதுகுத்தண்டையும் பிடிச்சுடும். அந்த உழைப்பாளிகளுக்குத்தான் முதல்ல இந்தப் பயிற்சி இலவசமா போய்ச் சேரணும். இதை நான் எங்க வேணும்னாலும் சொல்வேன்.

நம்ம பழவேற்காடு, எண்ணூர் கழிமுகத்துல இருளர் மக்களைப் பார்த்திருக்கீங்களா? கழுத்தளவு தண்ணியில, சேத்துக்குள்ள கையை விட்டுத் தடவித் தடவி இறால் பிடிப்பாங்க. பிடிச்சதைப் போட ஓலையில செஞ்ச பரி. அதைப் பல்லுல கடிச்சுக்கிட்டே நகருவாங்க, ரெண்டு கையும் வேலையில இருக்கும். தண்ணியை அவ்ளோ நெருக்கமா தெரிஞ்சவங்க இருக்கிற மாவட்டத்துல உக்காந்துட்டு 'நமக்கெல்லாம் எதுக்குடா கடல்'னு பேசுறதைக் கேட்டா எனக்கு ஒப்பவே மாட்டேங்குது.

என் கதைக்கு வர்றேன்.

நான் ஆரம்பிச்சது கடல்ல இல்லை, பாண்டிச்சேரியில ஒரு நீச்சல் குளத்துல. அதுதான் சரியான வாசல்னு இன்னைக்கும் நினைக்கிறேன். நின்னா இடுப்பளவு தண்ணி. செட்டை மாட்டிட்டு, முட்டி போட்டு, முகத்தை உள்ள விட்டேன்.

உடம்பு ஒத்துக்கலை.

அறிவு சொல்லுது, வாயில ரெகுலேட்டர் இருக்கு, இழுடான்னு. உடம்பு சொல்லுது, முகம் தண்ணிக்குள்ள இருக்கு, இழுக்காதேன்னு. ரெண்டும் சண்டை போடுற அந்த சில நொடிதான் ஸ்கூபாவோட முதல் பாடம். எல்லாருக்கும் வரும். பயிற்சியாளர் அவசரப்படுத்தாம காத்திருந்தார். ஒரு இழு. 'ஸ்ஸ்ஸ்'னு காத்து வந்துது. விட்டேன், குமிழ் காதைத் தாண்டி மேல போச்சு. இன்னொண்ணு. இன்னொண்ணு. கொஞ்ச நேரத்துல, பயமா இருந்த அந்தச் சத்தமே தாலாட்டு மாதிரி ஆகிடுச்சு.

அப்புறம் மாஸ்க். நிறைய பேர் கழண்டுக்கிற இடம் இதுதான். மாஸ்க்குக்குள்ள வேணும்னே கொஞ்சம் தண்ணி விடச் சொல்வாங்க. மூக்குல தண்ணி பட்டதும் எனக்கு எழுந்து நிக்கணும் போல இருந்துது. எழுந்தும் நின்னேன். திரும்ப உக்காந்தேன். வழி சுலபம்தான். மேல் விளிம்பைக் கையால அழுத்திட்டு, தலையைக் கொஞ்சம் தூக்கி, மூக்கு வழியா மெதுவா ஊதணும். உள்ள போற காத்து தண்ணியைக் கீழ் விளிம்பு வழியா தள்ளிடும். வாயால இழுத்து மூக்கால விடுறதுதான் பழகணும். வீட்டுல பக்கெட் தண்ணியில முகத்தை வச்சு, ஸ்நார்கல் குழாயோட பழகிட்டு வந்த பிறகு அது எனக்குக் கைவந்துடுச்சு. (வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வை தனிக்கதை.)

இப்ப முக்கியமான சங்கதி. இதை மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க.

மூச்சை அடக்கக்கூடாது. ஒருபோதும் கூடாது.

கிணத்துல மூழ்குறப்ப நாம மூச்சை அடக்கித்தான் பழக்கம். ஸ்கூபால அது உயிருக்கு ஆபத்து. 10 மீட்டர் ஆழத்துல நுரையீரல் நிறைய இழுத்த காத்து, மேல வந்தா ரெண்டு மடங்கா விரியும். பாயில் விதி, பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். மூச்சு ஓடிட்டே இருந்தா அது தானா வெளிய போயிடும். அடக்கினா போக வழியில்லை, நுரையீரல் கிழியும். ஆழத்துலதான் ஆபத்துன்னு நினைக்காதீங்க. அளவுல பெரிய மாற்றம் நடக்கிறது மேல இருக்கிற முதல் 10 மீட்டர்லதான். நுரையீரல் நிறைய காத்தோட மூச்சை அடக்கிட்டு ஒரு ஆள் உயரத்துல இருந்து மேல வந்தாலே காயம் ஆகலாம். ஏர் ரிசீவர்ல சேஃப்டி வால்வை அடைச்சு வைப்பீங்களா? வைக்க மாட்டீங்கல்ல.

அடுத்து காது. இறங்க ஆரம்பிச்ச உடனே, வலிக்கிறதுக்கு முன்னாடியே, மூக்கைப் பிடிச்சு லேசா ஊதணும். ஒவ்வொரு மீட்டருக்கும் செஞ்சுட்டே இறங்கணும். அடைச்சுதுன்னா கொஞ்சம் மேல ஏறி மறுபடி ஊதணும். வலியைப் பொறுத்துக்கிட்டு இறங்கினா செவிப்பறை போயிடும், இதுல வீரம் காட்ட ஒண்ணும் இல்லை. சளி இருக்கிற அன்னைக்கு டைவே வேண்டாம்.

கொஞ்ச நாள் முன்னாடி வேற ஒரு டூரிஸ்ட் இடத்துல, பேர் வேண்டாம், ஒரு கடையில விசாரிச்சேன். மெடிக்கல் ஃபார்ம் குடுங்கன்னு கேட்டேன். "அதெல்லாம் வேணாம் சார், நாங்க கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடுவோம், நீங்க போட்டோவுக்கு சிரிச்சா போதும்"னு பதில். எனக்கு ரத்தம் கொதிச்சுது. எங்க பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் ஆஸ்துமா இன்ஹேலரைச் சட்டைப் பையில வச்சிருக்கார்! ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது ஆபரேஷன், இதுல எது இருந்தாலும் டாக்டர் எழுதிக் குடுக்காம இறங்கவே கூடாது. கர்ப்பிணின்னா டைவே கிடையாது. ஃபார்ம் குடுக்காத கடையில காசு குடுக்காதீங்க. நல்ல கடையில முதல்ல பேப்பர், அப்புறம் பாடம், அப்புறம் ஆழமில்லாத தண்ணி, கடைசியிலதான் கடல்.

"அண்ணா, நீச்சல் தெரியணுமா?" இதுவும் கேண்டீன் கேள்விதான்.

பேடி (PADI) மாதிரி டைவிங் பயிற்சி அமைப்புகள் நடத்துற முதல் அனுபவ டைவுக்குத் தேவையில்லை. பயிற்சியாளர் கூடவே இருப்பார், 12 மீட்டருக்குக் கீழ போகக்கூடாது. ஆனா ஓப்பன் வாட்டர் டைவர் சான்றிதழ் வேணும்னா நிக்காம 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிஷம் மிதக்கணும். வேகமெல்லாம் கணக்கில்லை. வயசு 10 ஆனா போதும், குழந்தைங்களுக்கு ஆழம் மட்டும் குறைச்சல். சான்றிதழ் வாங்கின பெரியவங்க ஒரு ஜோடியோட 18 மீட்டர் வரை போகலாம், அந்தச் சான்றிதழ் உலகத்துல எந்த ஊர்லயும் செல்லும். செலவுன்னு பார்த்தா, அனுபவ டைவ் சில ஆயிரத்துல முடியும். கோர்ஸ் இருபதாயிரத்துக்கு மேல ஆகும். ஆமா, பெரிய காசுதான். போனஸ் மாசத்துல யோசிக்கலாம்.

நீச்சல் கத்துக்கணும்னு பூண்டி, சோழவரம், தேர்வாய்கண்டிகைன்னு ஏரிப்பக்கம் போயிடாதீங்க. அது குடிதண்ணி, குளிக்கவே அனுமதி கிடையாது, வருஷா வருஷம் பசங்களைப் பறிகுடுக்கிறோம். சொந்தக்காரங்க பம்ப்செட் கிணறு இருந்தா, பெரியவங்க துணையோட, இடுப்புல சுரைக்குடுவை கட்டிக் கத்துக்கலாம். இல்லைன்னா பயிற்சியாளர் இருக்கிற நீச்சல் குளம்.

எங்க போறது? நம்ம கரையில வேலைக்காகாது. எண்ணூர், காட்டுப்பள்ளிக் கடல் கலங்கல், கப்பல் போக்குவரத்து வேற. 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினதும், 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர் கழிமுகம் எண்ணெயா மிதந்ததும் மறந்துபோச்சா? அந்தத் தண்ணி தெளிஞ்சா இங்கேயே ஒரு டைவ் கடை வரும்னு எனக்கு ஒரு ஆசை.

அதே காட்டுப்பள்ளித் துறைமுகத்துலதான் 2025 ஜனவரி கடைசியில ஆரம்பிச்சு பிப்ரவரி வரை மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியைத் தண்ணியில இறக்கிச் சோதிச்சாங்க. மூணு பேரை ஏத்திட்டு 6,000 மீட்டர் ஆழம் போகப்போற, பள்ளிக்கரணை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவன (என்.ஐ.ஓ.டி.) விஞ்ஞானிகள் உருவாக்கின நீர்மூழ்கி அது. கும்மிடிப்பூண்டியில இருந்து பார்த்தா காட்டுப்பள்ளி நம்ம பக்கத்து ஊரு. எனக்கு அந்தச் செய்தியைப் படிச்சப்ப நெஞ்சு நிமிர்ந்துது.

சரி, டைவுக்கு எங்க போறதுன்னா, நமக்குப் பக்கம் பாண்டிச்சேரிதான், இங்கிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். கல்கத்தா ரோட்டைப் பிடிச்சு சென்னையைக் கடந்து ஈ.சி.ஆர். ஏறினா போதும். கரையில இருந்து படகுல போனா டெம்பிள் ரீஃப்னு ஒரு இடம். மணல் தரையில டைவர்களே கான்கிரீட், மரம்னு இறக்கி உண்டாக்கின செயற்கைத் திட்டு, சுமார் 18 மீட்டர் ஆழம். வெறும் மணலா கிடந்த இடத்துல நாம போட்ட பொருளை மீன் வீடா எடுத்துக்கிட்டு வாழுது. ஃபேப்ரிகேஷன் பண்றவனுக்கு இதைவிட சந்தோஷமான காட்சி இருக்காது.

வடகிழக்குப் பருவமழை மாசங்கள்ல தண்ணி கலங்கியிருக்கும், அலையும் அதிகம். மழை முடிஞ்சு தை, மாசிக்கு மேல போங்க. அந்தமான்ல டைவ் பண்றவங்க அதை டூரோட கடைசி நாள்ல வைக்காதீங்க. ஒரே ஒரு டைவ்னா விமானம் ஏற 12 மணி நேரம், ரெண்டு மூணு டைவ்னா 18 மணி நேரமாவது இடைவெளி வேணும். டிராவல் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார், நீங்கதான் கேட்டு வாங்கணும்.

ஃபயர் டீம் தம்பியும், அவன் கூட ரெண்டு பேரும் இப்ப தயாரா இருக்காங்க. இந்தப் பக்கம், பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டைன்னு வேற யாராவது வர்றதா இருந்தா கீழ எழுதுங்க, ஒரே வண்டியில போயிடலாம். மெடிக்கல் ஃபார்ம்ல மட்டும் எதையும் மறைக்காம எழுதணும். அதுக்கு ஒத்துக்கிறவங்க மட்டும் வாங்க.